வால் நம்பர்

பணிமனையில் அவளுக்கு விரலக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த வெல்டர்கூட, "விரலக்கா, இதக் கொஞ்சம் பாரேன்" என்றுதான் கூப்பிடுவார்.

காரணம் இதுதான். வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய குழிக்கு மேல் எந்தக் கார் வந்து நின்றாலும், முதலில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவுவாள். நுனியில் ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். பிறகு இரண்டு விரலையும் மெல்லப் பிரிப்பாள். நடுவில் ஒரு நூல் எழும். அது எவ்வளவு தூரம் அறுபடாமல் வருகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். "இது ஐம்பதாம் நம்பர் ஆயில். ஆனா மாத்த வேண்டிய நேரத்த விட்டு மூவாயிரம் கிலோமீட்டர் கூடுதலா ஓட்டிருக்கீங்க" என்பாள். வண்டிக்காரர் அசடு வழிவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினாறு வயதில் குழிக்குள் இறங்கியவள், முப்பத்து நாலு வயதில்தான் மேலே ஏறினாள். நடுவில் பதினெட்டு வருடம். ஆயிலை இறக்கும் போல்ட்டைத் துடைக்காமல் ஒரு நாளும் திருப்பிப் போட்டதில்லை. பழைய வாஷரை மறுபடி மாட்டியதில்லை. வேலை முடிந்ததும் பானட்டின் உள்பக்கம் சாக்பீஸால் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவாள். எழுத்து குண்டு குண்டாக, கோடு போட்டாற்போல் நேராக இருக்கும்.

அந்த ஊர் வெயில் ஊர். தார் உருகிச் செருப்பில் ஒட்டும். பணிமனையில் இரண்டு பீப்பாய்கள் இருந்தன. ஒன்று ஐம்பது, இன்னொன்று நாற்பது. டப்பாவில் நீளமாக ஏதேதோ அச்சடித்திருக்கும். யாரும் முழுதாகப் படித்ததில்லை. கடைசி நம்பரைச் சொன்னால் போதும். முதலாளியும் அப்படித்தான் சொல்வார், கடைக்காரரும் அப்படித்தான் கொடுப்பார். தேய்ந்த வண்டிக்கும் கோடைக்கும் ஐம்பது. புது வண்டிக்கு நாற்பது. இந்தக் கணக்கில் பதினெட்டு வருடத்தில் ஓர் இன்ஜின்கூட அவள் கையால் கெட்டதில்லை.

அப்புறம் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

அண்ணன் அவளைவிடப் பத்து வயது பெரியவர். மலைமேல் நீரேற்று நிலையத்தில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்பவர். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவருக்குக் கல்யாணமும் இல்லை. வாரம் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியோ மலை அடிவாரத்தில், ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் கீழே. அவருக்கு மெஷின் ஒதுக்கியது காலை ஒன்பதுக்கு; முதல் பஸ்ஸே பத்து மணிக்குத்தான். வேலையை விட்டு இறங்கலாம் என்றால், வேலையோடு சேர்ந்து குடியிருப்பும் போகும், வேலைக்கென்று கிடைக்கும் இலவச வைத்தியமும் போகும்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தன் பழைய காரில் தட்டுமுட்டுச் சாமான்களையும், பீப்பாயிலிருந்து டப்பாவில் பிடித்த ஆயிலையும் ஏற்றிக்கொண்டு ஒரு சாயங்காலம் நிலையத்து வாசலில் வந்து நின்றாள்.

"எதுக்கு பாப்பா வந்த?" என்றார் அண்ணன்.

"குழிக்குள்ளயே இருந்து போரடிச்சுடுச்சுண்ணே. கொஞ்சம் உயரத்துல இருந்து பாக்கலாம்னு."

இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் ஆஸ்பத்திரி. அண்ணன் நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருப்பார். அவள் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்துக் குடியிருப்பில் பாதையில் விழும் பனியை வாரித் தள்ளும் வண்டியின் ஓட்டுநர் இருந்தார். அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். குளிர் இறங்கத் தொடங்கிய நாளில் அவர் ஒரு டப்பா ஆயிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இத ஊத்திக்கோம்மா. இங்க இதுதான் எல்லாரும் போடறது."

அவள் மூடியைத் திறந்து விரலால் தொட்டாள். தேய்த்தாள். பிரித்தாள். நூலே எழவில்லை.

"மாமா, இத இன்ஜின்ல ஊத்தறதுக்குப் பதிலா மூஞ்சி கழுவலாம்."

"கழுவு கழுவு. குளிர் முழுசா இறங்கட்டும், அப்ப பேசிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பி எடுத்துப் போனார்.

ஆனால் அவள் யோசிக்காமல் இருந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. குளிரில் ஆயில் இறுகும், வெயில் ஊர் ஆயில் இங்கே ஆகாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரில் இருந்த ஐம்பதை முழுக்க இறக்கினாள். அது நல்ல நிலையில்தான் இருந்தது. இருந்தாலும் வேண்டாம் என்று வேலிக் கதவின் கீலுக்கும் சங்கிலிக்கும் என ஒதுக்கி, ஒரு வாளியில் ஊற்றி வெளியே தாழ்வாரத்தில் வைத்தாள். கொண்டுவந்திருந்த நாற்பதை எடுத்தாள். டப்பா வீட்டுக்குள் அடுப்பு ஓரத்தில் இருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தாள். ஐம்பதைவிட ஒரு படி இளசு. நூல் மெல்லிசாக எழுந்து நிதானமாக அறுந்தது. சரியாக இருந்தது. ஊற்றி, போல்ட்டைத் துடைத்து, கையில் இருந்த கடைசிப் புது வாஷரை மாட்டி, சாக்பீஸால் தேதி எழுதினாள்.

இத்தனை கவனமும் மறுநாள் காலைக்காகத்தான். முந்தின வெள்ளிக்கிழமை பாதையில் பனி சரிந்து, அண்ணனால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. கடைசியாக மெஷினில் படுத்தது புதன்கிழமை. உடம்பில் சேர்ந்த தண்ணீர் ஐந்து நாளாக இறங்கவில்லை. கால்கள் தூண்போல வீங்கியிருந்தன. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தாள்; விழுந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு ராத்திரியாக நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினார். நர்ஸ் போனில் சொல்லியிருந்தார்: "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடணும். ஒன்பதரைக்கு மேல மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவோம். இன்னொரு தடவை தவற விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும்மா. அதுக்கப்புறம் எங்க கைல இல்ல."

திங்கட்கிழமை காலை ஐந்தரை. நிலையத்துச் சுவரில் தொங்கும் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு காட்டியது. அந்த வருடத்தில் அவ்வளவு கீழே அதுவரை இறங்கியதில்லை. வண்டியைச் சீக்கிரமே கிளப்பிச் சூடாக்கி வைக்கலாம் என்று போனாள். கதவைத் திறக்கவே தோளால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினாள்.

இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் சுற்றவில்லை. முனகியது. பாரம் தாங்காத ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முயல்வதுபோல் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. இரண்டாவது தடவை கால் சுற்று. மூன்றாவது தடவை விளக்கு மங்கி, டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இறங்கிப் போய்க் கம்பியை உருவினாள். அதன் நுனியில் ஆயில் வழியவில்லை. மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. விரலில் எடுத்துத் தேய்த்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, அவளுடைய விரல் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். கீழிருந்து மேலே வர இரண்டரை மணி நேரம், திரும்பிப் போக இரண்டு மணி நேரம் என்றார்கள். அதுவும் இருக்கும் ஒரே வண்டி இப்போது வேறு பக்கம் போயிருக்கிறதாம். பனிவண்டிக்காரருக்குப் போட்டாள். அவர் நாலு மணிக்கே வேலைக்குப் போயிருந்தார்.

"மாமா, வண்டி கிளம்பல."

"பேட்டரியா?"

"இல்ல. செல்ஃப் சுத்தவே மாட்டேங்குது. முனகுது."

"ஆயில் என்ன போட்டிருக்க?"

"நாற்பது. குளிருக்குன்னு நேத்துதான் ஐம்பதுலேர்ந்து இறக்கினேன்."

"நாற்பதுங்கறது வால் நம்பர். அதுக்கு முன்னாடி டப்பால என்ன போட்டிருக்குன்னு பாரு."

ஓடிப்போய் டப்பாவை விளக்கின் கீழே பிடித்தாள். 20W-40. அந்த இருபது அங்கே இருப்பது அவளுக்கு எப்போதும் தெரியும். ஐம்பதிலும் அதே இருபதுதான் இருந்தது. ஆட்டோவின் மூன்றாவது சக்கரம் மாதிரி, இருக்கிறது என்று தெரியும். அதைப் பற்றி யார் யோசித்தார்கள்?

"இருபது மாமா. எல்லாத்துலயும் இருபதுதானே போட்டிருக்கும்?"



"உங்க ஊர்ல எல்லாத்துலயும் இருபதுதான் இருக்கும், ஏன்னா அங்க குளிரே கிடையாது. முதல் நம்பர்தாம்மா குளிருக்கு. வண்டி கிளம்பறதுக்கு. அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. இங்க அஞ்சு இருக்கணும், இல்ல சைபர். வால் நம்பர் இன்ஜின் சூடானதுக்கு அப்புறம்தான் பேசும். தலைய விட்டுட்டு வாலப் பிடிச்சு ஆயில் போட்டிருக்கியே!"

"உங்க வீட்ல அந்த டப்பா இருக்கா?"

"இந்த வண்டிக்குள்ளதான் இருக்கு. நான் உங்களுக்கும் மேல, கணவாய்ல நிக்கறேன். குறுக்க ஒரு லாரி கவுந்து கிடக்கு. நான் இறங்க பத்து மணி ஆகும்." பிறகு குரல் மாறியது. "அண்ணன் எப்படி இருக்கார்?"

"நாற்காலியிலதான் உக்காந்திருக்கார் மாமா" என்றாள். போனை வைத்தாள்.

ஐம்பதை நாற்பது ஆக்கியதில் குளிருக்கென்று அவள் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றுமே. வண்டி கிளம்பினால் சுகமாக ஓடியிருக்கும்; கிளம்பத்தான் வழி இல்லை. அசட்டையாகச் செய்ததுகூட இல்லை. பார்த்துப் பார்த்து, துடைத்துத் துடைத்துச் செய்தது. பனியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. ஈரமான இருமல்.

எழுந்தாள். அடுப்பு ஓரத்தில் இந்த ஆயில் சரியாகத்தானே இருந்தது? அவள் விரல் நேற்றுப் பொய் சொல்லவில்லை. அடுப்படியைப் பற்றிச் சொன்னது. அப்படியானால் இதைத் திரும்ப அடுப்படிக்கே கொண்டுபோக வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

இங்கே குழி இல்லை. கோணியை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சேம்பரின் போல்ட்டைக் கழற்றினாள். வெயில் ஊரில் போல்ட்டை எடுத்தால் ஆயில் கொட்டும். இங்கே தடித்த நூல் ஒன்று மெல்ல இறங்கியது. நின்றுவிட்டதோ என்று தோன்றும்; நிற்கவில்லை. சமையல் பாத்திரத்தைக் கீழே பிடித்துக்கொண்டு அந்த நூலையே பார்த்தபடி கிடந்தாள். முதுகு வழியாகக் குளிர் ஏறியது. இறங்கு, இறங்கு என்று அதனிடம் கெஞ்சினாள். சீக்கிரம் ஆகாதா என்று ஒரு தடவை விரலைத் துளைக்குள் விட்டுக் கிளறினாள். நான்கு லிட்டர் இறங்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

ஃபில்டரையும் கழற்றி, பேட்டரியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அடுப்பில் சோற்றுப் பாத்திரம் நிறைய ஆயில் இருப்பதைப் பார்த்தார்.

"இன்னிக்கு... சாப்பாடு... இதுவா?"

"பேசாதண்ணே."

"அத இப்படிக் குடு." பேட்டரியைக் காட்டினார். "நானும்... ஏதாவது செய்யறேன்."

போர்வையில் சுற்றி அவர் மடியில் வைத்தாள். அடுப்புப் பக்கம் நாற்காலியை இழுத்துவிட்டாள். பச்சைக் குழந்தையை வைத்திருப்பதுபோல் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"எனக்கும் இதானே செய்யறாங்க," என்றார் மூச்சை இழுத்து இழுத்து. "வெளிய எடுத்து... சரி பண்ணி... திரும்ப உள்ள விடறாங்க. நீ நர்ஸாவே... போயிருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. "என்னாலதாண்ணே. நான் போட்ட ஆயில்தான்" என்றாள்.

"எனக்குத்தான் மூச்சு இல்ல. உனக்கு இருக்குன்னு... அத அழுது வீணாக்காத. கிண்டு."

கிண்டினாள். புகை வரக் கூடாது. புகைந்தால் ஆயில் கெட்டுவிடும். விரலை விட்டுப் பார்த்தாள். மூன்று எண்ணும்வரை பொறுக்க முடிந்தது. இன்னும் கொஞ்சம். இப்போது ஒன்றுக்கு மேல் பொறுக்க முடியவில்லை. பாத்திரத்தை இறக்கினாள்.

அடைக்கும் போல்ட் எங்கே வைத்தோம் என்று ஒரு நிமிடம் தேடினாள். சட்டைப் பையிலேயே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, துடைக்காத போல்ட்டைப் பழைய வாஷரோடு முடுக்கினாள். ஃபில்டர், பேட்டரி, ஆயில். ஊற்றும் அவசரத்தில் ஒரு கை அளவு பனியில் சிந்தியது. சிந்திய இடத்தில் பனி சுர்ரென்று உள்வாங்கியது. இன்ஜின் இரும்பு மொத்தமும் குளிர்ந்து கிடக்கிறது. நின்றால் ஊற்றின சூட்டை அது குடித்துவிடும். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள்.

சுற்றியது. பாரம்தான், ஆனால் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

மறுபடி. ஒரு தடவை இருமியது. நின்றது.

"நீ இப்ப நின்னா எங்கண்ணன் மூச்சும் நின்னுடும்டா," என்று ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாவது தடவை பேட்டரி சோர்ந்து வருவது காதுக்குத் தெரிந்தது. அந்தக் கடைசிச் சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தபடி நின்றது. மேலே இரும்பும் இரும்பும் வறட்டுத்தனமாகத் தட்டிக்கொண்டன. பதினொன்று எண்ணினாள். விளக்கு அணைந்தது.

ஏழு இருபதுக்கு இறங்கத் தொடங்கினார்கள். பாதையில் பனி வாரப்பட்டிருந்தாலும் வழுக்கியது. வளைவுக்கு வளைவு அண்ணனின் தலை கண்ணாடியில் மோதியது. "அண்ணே" என்பாள். "ம்" என்பார். நாற்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு அந்த "ம்" வரவில்லை. இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, ஒற்றைக் கையால் ஓட்டினாள்.

ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது.

"மெஷின்ல வேற ஆளு படுத்தாச்சும்மா," என்றார் நர்ஸ். ஆனால் பேசிக்கொண்டே அண்ணனைத் தள்ளுகட்டிலில் ஏற்றி, மூக்கில் பிராணவாயுக் குழாயை மாட்டினார். "இனி ரெண்டு மணிக்குத்தான் காலியாகும்."

"அவர எடுத்துட்டு இவரப் போட முடியாதாம்மா? இருபது நிமிஷம்தானே லேட்டு?"

"அதுல படுத்திருக்கறவரும் யாருக்கோ அண்ணன்தான்." கடுமையாகச் சொல்லவில்லை. "ஊசி போடறோம். ரெண்டு வரைக்கும் தாங்குவார்னு நினைக்கறேன். வேண்டிக்கோ."

தாழ்வாரத்தில் நான்கு மணி நேரம். அண்ணனின் நெஞ்சு ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. மறுபடி முப்பத்தொன்பது. நடுவில் காவலாளி வந்து தோளைத் தொட்டார்.

"வெளிய நிக்கற பழைய கார் உங்களோடதா? ரெண்டு மணி நேரமா ஓடிக்கிட்டே இருக்கு. ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணா திரும்பக் கிளம்பாதுங்க."

"இங்க ஏழு டிகிரிம்மா. பனியெல்லாம் மேலயே நின்னுடுச்சு. கிளம்பும்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் போய் அணைத்தாள். வண்டி நின்றதும் வந்த அமைதியில், காலையிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம் வெடித்தது. ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

இரண்டேகாலுக்கு அண்ணனை மெஷினில் போட்டார்கள். இன்று மூன்று மணி நேரம்தான், மீதியைப் புதன்கிழமை பார்க்கலாம், அன்றைக்கு மட்டும் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவள் எதிரில் இருந்த உதிரிபாகக் கடைக்குப் போனாள்.

"என்ன ஆயில்? முப்பதா, நாற்பதா?"

"முதல் நம்பரச் சொல்லுங்க" என்றாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளே அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்தாள். முழுதாகப் படித்தாள். 5W-30 என்று போட்டிருந்ததையும் புது ஃபில்டரையும் ஒரு புது வாஷரையும் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அட்டையை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தபோது காவலாளி வந்துவிட்டார். "அடடா, உள்ள ஒரு ஆபரேஷன், வெளிய ஒரு ஆபரேஷனா? தரையில ஒரு சொட்டு விழுந்துச்சு, அப்புறம் என்னைக் கேப்பாங்க" என்று திட்டிவிட்டு, அவரே ஒரு பழைய வாளியைக் கொண்டுவந்து கொடுத்தார். போல்ட்டை இரண்டு தடவை துடைத்தாள்.

புது டப்பாவைத் திறந்ததும், பழக்கம் போல விரலில் தொட்டாள். தேய்த்தாள். பிரித்தாள். நூல் இல்லை. தண்ணீர். இதை ஊற்றாதே, இன்ஜின் தேய்ந்துவிடும் என்று விரல் கத்தியது. பதினெட்டு வருடம் தப்பாமல் சொன்ன விரல். டப்பாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக, அதன் பேச்சைக் கேட்காமல் ஊற்றினாள். பானட்டின் உள்பக்கம் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, அதன் கீழே முழு நம்பரையும் எழுதினாள். முதல் நம்பர் மட்டும் பெரிதாக.

அந்திக்கு அண்ணன் வெளியே வந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் நடந்து வந்தார்.

"மாத்திட்டியா பாப்பா?"

"மாத்திட்டேன். விரல்ல நிக்கவே மாட்டேங்குதுண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"புதன்கிழமை தெரிஞ்சிடப் போகுது," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று காட்டியது. அவள் அண்ணனை முதலில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். சாவியைத் துளைக்குள் விட்டாள். திருப்பக் கை வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அண்ணன் எட்டி, அவள் கைமேல் தன் கையை வைத்துத் திருப்பினார்.

செல்ஃப் மளமளவென்று சுற்றியது. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஆயில் விளக்கு அணைவதைப் பார்த்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எங்கும் வறட்டுத் தட்டல் இல்லை. அப்படியும் மனசு ஆறாமல் கீழே இறங்கிப் போய்ச் சேம்பருக்கு அடியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. எழுந்தபோது, ஆயில் பார்க்கும் கம்பி இருக்கும் பக்கம் வலது கை தானாக நீண்டது. கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

"ஏய், வா," என்று உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டார். "ஒன்பதுக்கு முன்னாடி போகணும்."